பக்காப் படியும் பக்கா சாகிப்பும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில், ஆங்கிலத் துறையின் பழைய மாணவரும் ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியருமான ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் திருத்தாமல் அப்படியே தந்திருக்கிறோம்.)



என்னை ஏதாவது இலக்கியத் தலைப்பில் பேசச் சொல்லித்தான் செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். ஷேக்ஸ்பியரா, மில்டனா என்று கேட்டிருந்தார். நான் யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு முந்தின நேரம். இந்த நேரத்தில் மில்டனை இழுத்தால் அடுத்த வருடம் என்னைக் கூப்பிட மாட்டீர்கள். அதனால் ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆங்கில அகராதியில் பேச்சு வழக்குப் பெயரடை என்று போட்டிருக்கும் சொல். நீங்கள் எல்லோரும் இன்று காலையிலிருந்து இரண்டு தடவையாவது சொல்லியிருப்பீர்கள். "ஏற்பாடெல்லாம் பக்காங்க" என்று வாசலிலேயே ஒரு நண்பர் சொன்னார். அந்த 'பக்கா'தான் என் தலைப்பு.

என்ன சார், இது நம்ம ஊர்ப் பேச்சாச்சே, ஆங்கிலம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அதே கேள்வியில்தான் என் கதையும் ஆரம்பிக்கிறது.

வகுப்பில் ஒரு சிரிப்பு

1973-இல் நான் இங்கே பி.யு.சி. சேர்ந்தேன். பரமத்தி வேலூர்ப் பக்கம், காவிரிக் கரைக் கிராமம். அப்போது நாமக்கல் தனி மாவட்டம் கிடையாது. எல்லாம் சேலம் மாவட்டம்தான். 1997-இல்தான் பிரித்தார்கள். எங்கள் வீட்டில் கரும்பு ஆலை போட்டு வெல்லம் காய்ச்சுவார்கள். பதினோராம் வகுப்பு வரைக்கும் தமிழில் படித்தவன். ஆங்கிலம் என்பது பரீட்சைக்கு நெட்டுருப் போட்டு எழுதுகிற ஒரு பாடம், அவ்வளவுதான்.

ஒரு நாள் ஆங்கில வகுப்பில் வெள்ளைக்காரன் காலத்துக் கதை ஒன்றை ஆளுக்கு ஒரு பத்தியாகப் படிக்கச் சொன்னார்கள். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். கால் நடுங்குகிறது. படித்துக்கொண்டே வந்தவன் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். பி, யு, கே, கே, ஏ. அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. எழுத்துக் கூட்டி, "புக்கா சாகிப்" என்று படித்தேன். வகுப்பே சிரித்தது. கான்வென்டில் படித்து வந்த பையன்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என்னைப் போலக் கிராமத்திலிருந்து வந்தவர்கள், அந்தச் சொல்லை என்னைப் போலவே படித்திருக்கக் கூடியவர்கள், அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள் பாருங்கள், அதுதான் சுருக்கென்று தைத்தது.

எங்கள் பேராசிரியர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி மேஜை மேல் வைத்தார். "நீ எந்த ஊருப்பா?" என்றார். சொன்னேன். "உங்க ஊர்ல களத்துல தானியம் அளக்கறதுக்கு என்ன வெச்சிருக்காங்க?" என்றார். எனக்குக் குழப்பம். ஆங்கில வகுப்பில் எதற்குக் களத்துமேடு? "வள்ளம் இருக்குதுங்க சார். படி இருக்குதுங்க" என்றேன். "படின்னா எந்தப் படி? சின்னதா, பெருசா?" என்றார்.

"சின்னப் படியும் இருக்குதுங்க. பெரிய படிக்குப் பக்காப் படின்னு பேருங்க."

"அதுதான்ப்பா இந்தச் சொல்லு. உன் வீட்டுப் படிதான் கோட்டு போட்டுட்டு வந்து புத்தகத்துல உட்கார்ந்திருக்கு. உனக்குத் தெரிஞ்ச ஆளுதான். பேர் சொல்லிக் கூப்பிடு" என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "பஞ்சாப்பை வெள்ளைக்காரன் எப்படி எழுதறான்? பி, யு. நீங்க புஞ்சாப்னா படிக்கறீங்க?" என்று கேட்டார். வகுப்பு அடங்கிவிட்டது.

நண்பர்களே, நான் ஆங்கிலம் எடுத்துப் படித்ததற்கும், பிறகு முப்பத்தைந்து வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததற்கும் அந்த ஐந்து நிமிடம்தான் காரணம். அன்றைக்கு அவரும் சிரித்திருந்தால் நான் அடுத்த திங்கட்கிழமை கல்லூரிக்கு வந்திருக்க மாட்டேன். கரும்புச் சக்கையைக் காய வைத்து அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்திருப்பேன். அதுவும் மோசமான தொழில் இல்லை. ஆனால் தலையைக் குனிந்துகொண்டு போய்ச் செய்திருப்பேன்.

சொல் வந்த வழி

பின்னால் எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி கைக்குக் கிடைத்தது. ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் என்ற இருவர் தொகுத்தது, 1886-இல் வெளிவந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் பேச்சில் கலந்த நம் ஊர்ச் சொற்களுக்கான அகராதி. இதில் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகாலின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். அகராதி அச்சாவதற்கு முன்பே, 1882-இல் காலமாகிவிட்டார். நான் முதலில் தேடியது எந்தச் சொல்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பார்த்தால், நம் சொல் இருக்கிறது. அதற்கு அவர்கள் காட்டும் மிகப் பழைய சான்று என்ன தெரியுமா? 1670-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இங்கே வந்த ஜான் ஃபிரையர் எழுதியது. ஆக்ராவில் பக்கா மணங்கு என்று ஒன்று உண்டு, அது சூரத்து மணங்கைப் போல இரண்டு மடங்கு என்கிறார். அதாவது, வெள்ளைக்காரன் எழுத்தில் இந்தச் சொல் முதலில் தலைகாட்டியது நிறுத்தல் அளவையாக! நம் களத்துமேட்டில் அது முகத்தல் அளவை. சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று இரண்டு இருந்தால், பெரியதுதான் பக்கா. எங்கள் பேராசிரியர் என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னார் என்று அதுவரை கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அன்றைக்குத் தீர்ந்தது.

சரி, அடிப்படைப் பொருள் என்ன? இந்துஸ்தானியில் பக்கா என்றால் வெந்தது, பழுத்தது. அதற்கு எதிர்ப்பதம் கச்சா, வேகாதது, காயானது. இரண்டையும் நாம் வாங்கி வைத்திருக்கிறோம். தினமும் செய்தித்தாளில் "கச்சா எண்ணெய் விலை" என்று படிக்கிறோம் இல்லையா, அதே கச்சாதான். சுத்திகரிக்காத எண்ணெய்.

அந்த அகராதி இந்தக் கச்சா-பக்காவை ஜோடி ஜோடியாக அடுக்குகிறது. வெயிலில் காய்ந்த செங்கல் கச்சா, சூளையில் வெந்தது பக்கா. மண் சுவர் வீடு கச்சா, சுட்ட செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தது பக்கா. மண் பாதை கச்சா, கல் கொட்டி இறுக்கிய சாலை பக்கா. வெளுக்கப் போட்டால் போய்விடும் சாயம் கச்சா, போகாதது பக்கா. தையல்காரர் சும்மா ஓட்டி வைக்கிற தையல் கச்சா, கெட்டித் தையல் பக்கா. அயோக்கியனில் கூட இரண்டு வகை உண்டாம். அரைகுறை அயோக்கியன் கச்சா, முழு அயோக்கியன் பக்கா! நாம் "பக்கா ஃபிராடு", "பக்கா கேடி" என்கிறோமே, அது நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழைய சங்கதி.

அம்மாபேட்டை, குகைப் பக்கத்துத் தறிக்கார நண்பர்கள் இங்கே இருக்கிறீர்கள். சாயத்துக்குப் பக்கா என்று சொல்வதன் அருமை உங்களுக்குத் தெரியும். நாமக்கல் லாரிக்கார நண்பர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பழைய வண்டி விற்கிற எந்தத் துண்டுச் சீட்டிலும் "பக்கா கண்டிஷன்" என்று இல்லாமல் இருக்காது. வாங்கிக்கொண்டு போய்த் தொப்பூர் கணவாயில் நின்ற பிறகுதான், வண்டி பக்காவா, விற்றவர் பக்காவா என்று தெரியும்.

இந்துஸ்தானிச் சொல் நம் பக்கம் எப்படி வந்தது? 1792-இல் திப்பு சுல்தான் செய்த உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்து வரி போட்டார்கள். அதற்கு முன்பு ஹைதர், திப்பு ஆட்சி. அவர்களுடைய கணக்கு வழக்கிலும் பாரசீக, இந்துஸ்தானிச் சொற்கள். தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ஜப்தி எல்லாம் அந்தக் கச்சேரி வழியாக நம் வீட்டுக்குள் நுழைந்த சொற்கள். வரி தானியத்துக்குப் போட்டால் அளவை வேண்டும். அளவை வந்தால் எந்தப் படி என்ற தகராறு வரும். பக்காவும் அந்தக் கூட்டத்தோடு வந்து சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். 1956-இல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்தும் எங்கள் அப்பத்தா சாகும் வரைக்கும் லிட்டரை நம்பவில்லை. "லிட்டராமா லிட்டரு! பக்காப் படியில கொட்டிக் காட்டு" என்பார்.

பெப்சியும் பிஸ்கட்டும்

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். இந்துஸ்தானிப் பக்காவுக்கு மூலம் சமஸ்கிருதத்தில் 'பக்வ'. சமைத்தது, பழுத்தது என்று பொருள். அந்தப் 'பக்வ' நேராகவே வெகு காலத்துக்கு முன்பு தமிழுக்கு வந்து 'பக்குவம்' ஆகிவிட்டது. ஆக, ஒரே சொல் நம் வீட்டுக்கு இரண்டு தடவை விருந்துக்கு வந்திருக்கிறது. ஒரு தடவை கோயில் வாசல் வழியாகப் பக்குவமாக. இன்னொரு தடவை கச்சேரி வாசல் வழியாகப் பக்காவாக. நளபாகம் என்கிறோமே, அந்தப் பாகமும் இந்த வேரில் கிளைத்ததுதான். சைவ சித்தாந்தத்தில் மலபரிபாகம் என்று வரும். உயிரைப் பிடித்த அழுக்கு பழுத்துக் கழல்கிற நிலை. அதுவும் இதே குடும்பம்.

1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஒரு சொற்பொழிவில், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரு பொது மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். நம் தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல என்பதை 1816-இல் சென்னையில் எல்லிஸ் துரை எழுதினார். 1856-இல் கால்டுவெல் விரித்துக் காட்டினார். அதனால் பக்குவமும் பக்காவும் நமக்கு வந்த விருந்தாளிகள்தான், பிறந்த பிள்ளைகள் அல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தக் குடும்பத்தில் 'சமை' என்ற பொருளுள்ள வேர் ஒன்றுதான். சமஸ்கிருதத்தில் அது 'பச்' என்று நின்றது. லத்தீனில் 'கொக்' என்று ஆயிற்று. கிரேக்கத்தில் 'பெப்'. இதைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். லத்தீன் வழியில் வந்ததுதான் ஆங்கிலத்தின் 'குக்'. உங்கள் வீட்டில் விசில் அடிக்கிற குக்கர் நம் பக்காவுக்குப் பங்காளி. 'கிச்சன்' அதே. 'பிஸ்கட்' என்றால் இரண்டு தடவை வெந்தது என்று அர்த்தம். கிரேக்க வழியில் செரிமானத்துக்குப் 'பெப்சிஸ்' என்று பேர். வயிறு உள்ளே போனதைச் சமைக்கிறது என்று நினைத்தார்கள். அஜீரணத்துக்கு 'டிஸ்பெப்சியா'. 1898-இல் அமெரிக்காவில் கேலப் பிராட்ஹாம் என்ற மருந்துக் கடைக்காரர் தன் பானத்துக்கு அதிலிருந்துதான் பேர் எடுத்தார்: பெப்சி! ஆக, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களுக்குப் பெப்சி கொடுத்தால், அது பக்காவின் ஒன்றுவிட்ட தம்பி என்று நினைத்துக்கொண்டு குடியுங்கள்.

இன்னும் ஒன்று. வயதுக்கு மீறிய அறிவுள்ள பிள்ளையை ஆங்கிலத்தில் 'பிரிகோஷஸ்' என்பார்கள். லத்தீனில் அதைப் பிரித்தால், காலத்துக்கு முன்னால் பழுத்தது. நம் ஊரில் என்ன சொல்கிறோம்? "பிஞ்சிலே பழுத்தது." யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. அடுப்பும் மரமும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. மனிதனைப் பார்த்தால் சோறும் பழமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. அரைவேக்காடு என்கிறோம். பழுத்த அனுபவம் என்கிறோம். பழம் தின்று கொட்டை போட்டவர் என்கிறோம். பச்சைக் குழந்தை, பச்சை மண் என்கிறோம். ஔவையாரை மாட்டுக்காரச் சிறுவன் சுட்ட பழமா, சுடாத பழமா என்று மடக்கிய கதையைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இந்துஸ்தானியிடமிருந்து நாம் வாங்கியது சொல்லை மட்டும்தான். அந்த நினைப்பு நம்மிடம் முன்பே இருந்தது. அதனால்தான் அந்தச் சொல் இங்கே இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது.

சாகிப்பின் பக்கா

இது வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். இனி கொஞ்சம் கசப்பு.

ஒரு சொல்லுக்குப் 'பெரியது, வெந்தது, உறுதியானது' என்று மதிப்பு வந்துவிட்டால், மனிதன் அதை எடுத்துக் கோடு போட ஆரம்பிப்பான். வட இந்தியாவில் சாப்பாட்டிலேயே கச்சா, பக்கா உண்டு. தண்ணீரில் வேக வைத்தது கச்சா. நெய்யில் பொரித்தது பக்கா. பக்காச் சாப்பாட்டைப் பிற சாதியார் சிலர் கையிலும் வாங்கிச் சாப்பிடலாம். கச்சாச் சாப்பாட்டை வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடு. யார் யாரோடு உட்கார்ந்து உண்ணலாம் என்பதை அந்தச் சொல் தீர்மானித்தது.

வெள்ளைக்காரன் அதை மனிதன் மேலேயே ஒட்டினான். அதுதான் வகுப்பில் என்னைத் தடுக்கி விழ வைத்த 'பக்கா சாகிப்'. அசல் துரை. நம்மோடு கலக்காதவர், கிளப்பில் இந்தியரைச் சேர்க்காதவர், மனதுக்குள் என்ன இருந்தாலும் தன் ஆட்களை விட்டுக்கொடுக்காதவர். பிகாரில் பிறந்து, 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல் 1934-இல் 'பர்மா நாட்கள்' என்ற நாவலை எழுதினார். பக்கா சாகிப்பாக நடிப்பது எவ்வளவு மூச்சு முட்டுகிற வேலை என்பதை அந்தப் புத்தகத்தில் பார்க்கலாம். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் அந்தத் தொடரைப் பெரும்பாலும் கேலியாகத்தான் சொல்கிறார்கள்.

நான் ஹாப்சன்-ஜாப்சனில் ஒரு ஜோடியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். தற்காலிக வேலை நியமனம் கச்சா. நிரந்தர நியமனம் பக்கா. இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஒன்பது வருடம் நானே அந்தக் கச்சாவாக இருந்தேன்.

1980-இல் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பேர் வேண்டாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் பணிநீக்கக் கடிதம், ஜூலையில் மறுபடி நியமனக் கடிதம். கோடையில் சம்பளம் கிடையாது. அதே பாடம், அதே விடைத்தாள், அதே சாக்பீஸ். ஆனால் ஆசிரியர் அறையில் எனக்கென்று மேஜை கிடையாது. ஜன்னல் திண்டில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். என்னிடம் படித்த பையன் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தான். அந்த மாதம் எனக்குச் சம்பளம் இல்லை.

பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா ஜேடர்பாளையம் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர். காப்பி கொடுத்துவிட்டு நேராகக் கேட்டார். "வேலை பக்காதானுங்க மாப்பிள்ளை?"

எனக்கு ஹாப்சன்-ஜாப்சன் கண் முன்னால் வந்து நின்றது. பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லீங்க மாமா. இன்னும் கொஞ்சம் வேகணுங்க" என்றேன். என் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. அவர் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொப்பரையில கொதிக்கறப்ப எல்லாம் வெறும் கரும்புத் தண்ணிதானுங்க. பதம் வர்ற வரைக்கும் அடுப்பை அணைக்காம இருக்கோணும், அவ்வளவுதான்." கல்யாணம் நடந்தது. அந்த அம்மாள்தான் முன்வரிசையில் உட்கார்ந்து, நேரமாயிற்று என்று எனக்குச் சைகை காட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு 1989-இல் வேலை நிரந்தரமாயிற்று. ஆனால் ஜன்னல் திண்டு ஒழியவில்லை. இன்றும் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் என்று எத்தனையோ பேர் பாடம் நடத்துகிறார்கள். 'கௌரவம்' பேரில் மட்டும் இருக்கிறது. இந்த மண்டபத்தில் கல்லூரி நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், பள்ளி நடத்துகிறவர்கள், லாரி பாடி கட்டுகிற பட்டறை, சேகோ ஆலை, ரிக் வண்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். கட்டடம் பக்கா, மிஷின் பக்கா, பில்லும் ரசீதும் பக்கா. வேலை செய்கிற ஆளின் வேலை மட்டும் ஏன் கச்சா? ஒன்றுகூடலுக்கு வந்தவன் இதைப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். பழைய மாணவனுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்துச் சொல்கிறேன்.

மறுபடி அடுப்படிக்கு

சொல்லின் கதையை முடித்துவிடுகிறேன். ராஜாங்கம் போன பிறகும் பக்கா இங்கிலாந்தில் தங்கிவிட்டது. சாகிப்பை உதறிவிட்டுத் தெருவுக்கு இறங்கியது. லண்டன் சாமானியர் பேச்சில் 'அசல்', 'பிரமாதம்' என்ற பொருளில் புழங்கியது. 1999-இல் ஜேமி ஆலிவர் என்ற இளம் சமையல்காரர் பிபிசி தொலைக்காட்சியில் 'நேக்கட் செஃப்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நன்றாக வந்த பண்டத்தை எல்லாம் பக்கா, பக்கா என்றார். அங்கே அது சின்னப் பிள்ளைகள் வாய் வரைக்கும் போயிற்று. அவர் 'சூப்பர்' என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். ஆனால் பாருங்கள், 'வெந்தது' என்று பிறந்த சொல், தானியக் களம், செங்கல் சூளை, வரிக் கச்சேரி, துரைமார் கிளப்பு எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரு சமையல்காரர் வாயில், அடுப்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

தம்பி தங்கைகளே, உங்களுக்காக ஒரு வார்த்தை. உங்களில் பலர் உங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நேர்முகத் தேர்வில், வகுப்பில், ஆங்கிலம் பேச வாயைத் திறக்கும் முன்பே "சாரி சார், தமிழ் மீடியம் சார்" என்று மன்னிப்புக் கேட்கிறீர்கள். எதற்கு மன்னிப்பு? கச்சா என்பது வசவு இல்லை. குச்சிக்கிழங்கைப் பச்சையாகத் தின்றால் வயிற்றுக்கு ஆகாது. அதையே அரைத்து, பாலைத் தெளிய வைத்து, உருட்டி, வறுத்தால் ஊரெல்லாம் பாயசம் வைக்கிற ஜவ்வரிசி. கிழங்கு மேல் தப்பில்லை. வேலைதான் பாக்கி. ஒரு சொல் தெரியவில்லை என்றால் அகராதியைப் பாருங்கள். உச்சரிப்புத் தெரியவில்லை என்றால், இப்போது உங்கள் கையில் இருக்கிற போனே சொல்லிக் கொடுக்கிறது. எனக்கு அந்த வசதி இருக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். போன் நம் ஊர்ப் படியின் பெயரைக் கேட்காது.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சங்கத்தின் சார்பில் நூலகத்துக்கு நல்ல அகராதிகள் வாங்கித் தருவோம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். சந்தோஷம். அதோடு, உள்ளூரில் இருக்கிற நாம் மாதம் ஒரு சனிக்கிழமை இங்கே வந்து, முதலாண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பக்கம் ஆங்கிலம் சத்தமாகப் படிக்கலாம். இலக்கணம் கூட வேண்டாம். தப்பாகப் படிக்கட்டும். சிரிக்காமல் கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். என் பேரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவன், இப்போதுதான் எந்தக் கடிதமும் வராத நிரந்தர வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது.

யாராவது ஒரு பிள்ளை "புக்கா" என்று படித்தால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "நீ எந்த ஊருப்பா?" என்று கேளுங்கள்.

சாப்பாடு தயார் என்று அங்கிருந்து கை காட்டுகிறார்கள். நன்றாக வெந்திருக்கும் என்று நம்புகிறேன்.